ஜெனீவா ஒப்பந்தங்களை இந்தியா உள்நாட்டில் பின்பற்றுகிறதா, வெறும் கையெழுத்துதானா?

கேள்வியைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. நான் வக்கீல் இல்லை. இருபத்தெட்டு வருடம் போர்டு எழுதியவன். போரில் அடிபட்டவர்களையும் கைதிகளையும் பொதுமக்களையும் காக்க நாடுகள் போட்டுக்கொண்ட இந்த ஒப்பந்தங்களைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்க நினைப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

1994இல் எங்கள் ஊரில் புதிதாக ஒரு தனியார் மருத்துவமனை வந்தது. எட்டுக்கு நாலு தகர போர்டு. வெள்ளை அடித்து, இரண்டு மூலையிலும் போஸ்ட் ஆபீஸ் ரெட் எனாமலில் பிளஸ் குறி. யாரும் கேட்காவிட்டாலும் போடுவோம், அதுதான் வழக்கம். இரண்டாவது பிளஸ்ஸை நிரப்பிக்கொண்டிருந்தபோது எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஹவில்தார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தம்பி, அது யாரு சின்னம் தெரியுமா?”

“டாக்டருங்க சின்னந்தானே ஐயா.”

“இல்லப்பா. எங்களைச் சுடாதேன்னு சொல்ற சின்னம்.”

1971 சண்டையில் அதைக் கையில் கட்டிக்கொண்டுதான் அடிபட்டவர்களைத் தூக்கினாராம். மருந்துக் கடைக்காரனும் லாட்ஜ்காரனும் அதையே மாட்டிக்கொண்டால், நாளைக்கு எதிரி எதை நம்பித் துப்பாக்கியை இறக்குவான் என்று கேட்டார். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கையும் இந்தியா 1950இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொண்டதாலேயே நம் ஊர் கோர்ட்டில் யாரையும் தண்டிக்க முடியாது, நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். அதற்கு அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு இடம் தருகிறது. ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் வந்தது 1960இல். அதன் 12ஆவது பிரிவுப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் செஞ்சிலுவைக் குறியை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம், குறி போட்ட பொருளும் பறிமுதல்.

‘போரைப் பற்றிக் கேட்டால் இவன் போர்டைப் பற்றிப் பேசுகிறான்’ என்று யாராவது வருவீர்கள், தெரியும். அதே சட்டத்தின் 3ஆவது பிரிவில் கொடிய மீறல்களுக்கும் தண்டனை உண்டு, ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் இருப்பவர்களை வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை வரை. நான் என் கைக்கு எட்டியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சரி, ‘வெறும் கையெழுத்துதானா’ என்றீர்களே. எனக்குத் தெரிந்தவரை, ஒவ்வொரு நாடும் துணியை வாங்கித் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்கிறது. 1876இல் ரஷ்யாவோடு மோதல் வந்தபோது துருக்கியர்கள் சிலுவை வேண்டாம் என்று பிறையைப் போட்டார்கள். 1929இல் உலகமே அதை ஒத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1905க்கு முன்பிருந்தே அந்தக் குறியைப் பயன்படுத்திய கம்பெனிகளுக்கு விலக்கு. ஜான்சன் அண்ட் ஜான்சன் சிவப்புச் சிலுவையோடு பொருள் விற்றது அந்த வழியில்தான். நம் நாடு சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டது. நம் 1960 சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி அரசோ, அரசு குறிப்பிட்ட அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் விசாரிக்கும். ஹவில்தாரே நேரில் போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. கோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார் வழக்கில், தனிமனிதர் நேராகக் கோர்ட்டுக்கு வர இந்தச் சட்டம் தனி உரிமை எதையும் தரவில்லை என்று 1969லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1977இல் அந்த ஒப்பந்தங்களோடு சேர்க்க வந்த கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா சேரவே இல்லை. அதனால் பின்பற்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன், முழுதாகப் பின்பற்றுகிறது என்றும் சொல்ல மாட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு பிளஸ்ஸையும் பச்சையாக மாற்றினேன். சிவப்பின் மேல் பச்சை அடித்தால் லேசில் மூடாது. வெள்ளை இரண்டு கோட், அப்புறம் பச்சை இரண்டு கோட். மருத்துவமனை மேனேஜர் வந்து பார்த்தார். “யாருய்யா உன்னைக் கலர் மாத்தச் சொன்னது? இது ஆஸ்பத்திரியா, நர்சரியா?” சட்டத்தைச் சொன்னேன், ஜெராக்ஸைக் காட்டினேன். சிரித்துவிட்டு, பேசிய கூலியில் 350 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். 500 ரூபாய் அபராதம் கட்டியவன் யாரையும் நான் பார்த்ததில்லை. கட்டியது நான் ஒருத்தன்தான், அதுவும் சட்டப்படி நடந்ததற்கு.

அப்புறம் பிளெக்ஸ் வந்தது. நாங்கள் மூன்று நாள் எழுதும் போர்டை அரை மணி நேரத்தில் உருவித் தருகிறார்கள். எழுத்தில் உயிர் இல்லை, ‘மருத்துவமணை’ என்று அச்சடித்து மாட்டுகிறார்கள், படிப்பவனுக்கும் உறைப்பதில்லை. என் தகர போர்டை இறக்கிவிட்டு அந்த மருத்துவமனையும் பிளெக்ஸ் வைத்தது. நாலு மூலையிலும் சிவப்பு பிளஸ், உள்ளே விளக்கு வேறு. பழைய தகரத்தை நான்தான் கேட்டு வாங்கிவந்தேன். இப்போது என் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருக்கிறது. பச்சை இன்னும் உரியவில்லை.