கலத்தின் கருவுக்குள் இலிப்பிட்டுச் சமிக்ஞை, அதாவது கொழுப்பு வகை மூலக்கூறுகள் வழியாகச் செய்தி கடத்தல், உண்மையில் நடக்கிறதா? ஆட்டு ஈரலை வைத்துப் பாடசாலையில் காட்டலாமா?

(கேட்டவர் கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பவர்.)

நடக்கிறது. முதலுரு மென்சவ்வில் நடப்பதாகப் படிக்கும் அதே வெட்டுத்தான். பொஸ்போலிப்பேஸ் சி பீற்றா-1 என்ற நொதியம் பிஐபி2 என்ற இலிப்பிட்டை டைஅசைல்கிளிசரோல், இனோசிற்றோல் முப்பொஸ்பேற்று என உடைக்கும். முதலாவது, புரதங்களில் பொஸ்பேற்றை ஏற்றும் நொதியமான புரதக் கைனேஸ் சி-ஐக் கருவுக்குள் இழுக்கும். வேலை முடிந்ததும் வேறொரு கைனேஸ் டைஅசைல்கிளிசரோலைப் பொஸ்பாடிடிக் அமிலமாக்கி அடக்கிவிடும்.

"கருவுக்குள் இருப்பதை அல்ல, கருமென்சவ்வில் ஒட்டியதை அளந்திருப்பார்கள்" என்று யாரும் சந்தேகப்பட்டால் அது நியாயமானது. வெளிக் கருமென்சவ்வு அகமுதலுருச் சிறுவலையின் தொடர்ச்சிதானே. அதனால்தான் 1987இல் எலியின் குருதிப் புற்றுநோய்க் கலக் கருக்களை, மென்சவ்வை உரித்துவிட்டுச் சோதித்தார்கள். பிஐபி2ஐ ஆக்கும் நொதியங்கள் அப்போதும் இயங்கின. எனக்கு இதைவிடப் பலமான சான்று, சுவிஸ் 3டி3 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் எலிக் கலங்களில் கண்டது: இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 கொடுத்தால் கருவின் பிஐபி2 குறையும்; பொம்பெசின் என்ற பெப்தைட்டைக் கொடுத்தால் முதலுரு மென்சவ்வில் மட்டும் குறையும். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

பாடசாலையில் பிஐபி2ஐ அளக்க ஏலாது. கதிரியக்கப் பொசுபரசு போன்றவை வேண்டும். கருவைப் பிரிக்கலாம். 100 மி.லீ. நீரில் 8.6 கிராம் சுக்குரோசு, 0.06 கிராம் நீரேறிய மகனீசியங் குளோரைட்டு. மகனீசியம் இல்லாவிட்டால் கரு ஊதி உடையும், கூடினால் திரளும். இதில் 45 மி.லீ.க்கு 5 கிராம் புது ஈரல். உரலில் மெதுவாக மசியுங்கள். மிக்சி கருவையே கிழித்துவிடும். மெல்லிய துணியில் வடித்து, 600 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றுங்கள். கரு அடியில் படியும். மையநீக்கியின் ஆரை 10 ச.மீ. என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2300 சுற்று. உச்ச வேகத்தில் விட்டால் இழையுருமணிகளும் சேர்ந்து இறங்கும்.

வன்னி வெயிலில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: எல்லாமே ஐசில் இருக்கவேண்டும். மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டி போதும், ஆனால் ஐசில் உப்புப் போடாதீர்கள். உறைந்தால் கரு வெடிக்கும்.

மென்சவ்வை உரிக்க அதே கரைசலில் 0.5 சதவீத ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற மென்மையான சவர்க்காரப் பொருளைக் கலந்து, படிந்த கருவைக் கழுவுங்கள். அது இல்லையென்று பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றினால் கரு உடைந்து டிஎன்ஏ வெளியேறி, குழாயின் அடியில் சளி போலத் திரளும். ஒரு துளி மெதிலீன் நீலமிட்டு 400 மடங்கில் பார்த்தால் தனித்தனி நீல உருண்டைகள் தெரியவேண்டும். சுற்றிலும் குழியவுருத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் இன்னொருமுறை கழுவுங்கள்.