மகன் வாங்கிய பழைய போன் திருட்டுப் போனாம்: ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் பழைய போன் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினான். பில் தரவில்லை. பணத்தை ஜிபேயில் போட்டான். நான்கு மாதம் கழித்து கோவையிலிருந்து போலீஸ் பேசினார்கள். அவன் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த போனை ஒரு பெண்ணிடமிருந்து யாரோ பறித்துக்கொண்டு போனார்களாம். கடைக்காரரோ "நான் விற்கவே இல்லை" என்கிறார். இப்போது நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. "கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா அன்னிக்கே முடிஞ்சிடும்" என்று ஒரு ஏட்டு சொல்கிறார். அப்படிச் செய்துவிடலாமா? கடைக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம், அம்மா. ஏட்டு உதவி செய்வதாக நினைத்தேகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு முடிவது அவர்களுடைய கோப்பு. உங்கள் மகனுக்கு அன்றுதான் தொல்லை ஆரம்பம்.

போனை வாங்கினேன் என்று சொல்வது வேறு, குற்றத்தை ஒத்துக்கொள்வது வேறு. வாங்கியதை மறைக்க வேண்டியதே இல்லை. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினான் என்று தாராளமாகச் சொல்லட்டும். நீதிமன்றத்தில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்றால் மட்டும் அர்த்தம் மாறிவிடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கினேன் என்று அவனே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குற்றவியல் சட்டத்தின் அடிப்படையே இங்கேதான் இருக்கிறது. கை செய்ததை மட்டும் பார்த்து, பொதுவாக, யாரையும் தண்டிக்க முடியாது. மனதில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2) பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411, இதைத் தெளிவாகவே கேட்கிறது. பொருள் திருட்டுப் பொருளாக இருக்க வேண்டும். அதை நேர்மையற்ற முறையில் வாங்கியிருக்க வேண்டும், அல்லது வைத்திருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாதபடி.

2022-ல் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியிருக்கிறது. வாங்கியவர் அசட்டையாக இருந்தார், சரியாக விசாரிக்காமல் வாங்கினார் என்று காட்டினால் மட்டும் போதாது. திருட்டுப் பொருள் என்று அவர் நம்பியே ஆக வேண்டிய சூழ்நிலை இருந்ததா என்பதுதான் கேள்வி. பில் கேட்காதது உங்கள் மகனின் அசட்டை. சர்வீஸ் கடைகளில் பழைய போனுக்கு எத்தனை பேர் பில் வாங்குகிறார்கள், சொல்லுங்கள்!

"சட்டம் தெரியாது" என்பது நம் நீதிமன்றங்களில் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் மகனுக்குத் தெரியாமல் போனது சட்டம் அல்ல, அந்த போனின் பூர்வகதை. நல்லெண்ணத்தோடு ஒரு விவரத்தைத் தவறாக நம்பிச் செய்த காரியம் குற்றமாகாது என்று சன்ஹிதாவின் 17-ஆம் பிரிவே சொல்கிறது.

அரசுத் தரப்பு கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் ஒன்று உண்டு. திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவில் வெகுகாலமாக இருந்த உதாரணம் இது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 119-ல் இருக்கிறது. ஆனால் இங்கே போன் அவன் கைக்கு வந்ததே பறிப்பு நடந்து இரண்டு மாதம் கழித்து. செல்போன் எளிதாகக் கை மாறும் பொருள். எப்படி வந்தது என்று சொல்லவும் அவனால் முடியும்.

அதற்கான ஆதாரங்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஜிபே பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கின் பெயர், அந்த மாத வங்கி அறிக்கை, கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அது. எதையும் அழிக்க வேண்டாம். பணம் கடைக்காரர் கணக்குக்கே போயிருந்தால், "நான் விற்கவே இல்லை" என்ற பேச்சு எத்தனை நாள் நிற்கும்? விலையும் முக்கியம். புதிதாக 15,000 ரூபாய் விற்கும் போனைப் பழையதாக 6,500-க்கு வாங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது. 1,500-க்கு வாங்கியிருந்தால் நானே கொஞ்சம் யோசிப்பேன். அப்புறம், தன் பெயரில் உள்ள சிம்மைப் போட்டு நான்கு மாதம் ஒளிவுமறைவில்லாமல் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். திருட்டுப் போன் என்று தெரிந்தவன் அப்படிச் செய்ய மாட்டான்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்றிருந்தால் அவனைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றிருந்தால் சந்தேக நபராகப் பார்க்கிறார்கள். 35(3) நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிக்கொண்டிருந்தால், எழுத்தில் காரணம் காட்டாமல் கைது செய்ய முடியாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் 317(2) ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. பயமாக இருந்தால் முன்ஜாமீன் கேட்கலாம். வழக்கு கோவையில் என்பதால் அங்குள்ள செஷன்ஸ் நீதிமன்றம் அல்லது சென்னை உயர் நீதிமன்றம்; மதுரைக் கிளைக்குப் போக வேண்டாம்.

போனை மட்டும் இனி ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்த பிறகும் கையில் வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் வரும். ஒப்படைத்து, கைப்பற்றுதல் மகஜரின், அதாவது போனை எடுத்துக்கொண்டதற்குச் சாட்சிகளோடு எழுதும் பதிவின், நகல் கேளுங்கள். புதிய சட்டப்படி கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும்.

மகஜரில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கோப்புகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு வாசகம் உண்டு: "தானாக முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்". கீழே சாட்சிகளாக கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் விளைவாகப் பொருள் எதுவும் கிடைத்தால் அந்தத் தகவல் அளவுக்கு மட்டும் செல்லும். உங்கள் மகன் தானே போனைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அங்கே ஒப்புதலுக்கு என்ன வேலை? வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம். விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது.

இனி தண்டனை. அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏட்டு சொன்ன 'ஃபைன்' வருவது இந்த 'அல்லது' வழியாகத்தான். பொய் இல்லை, பாதி உண்மை. புதிதாக வந்த சமூக சேவைத் தண்டனை இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்ப நீதிபதி தனிக் காரணம் எழுத வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தண்டனை விதிக்கும் நாளில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். வழக்கு இழுத்துக்கொண்டு போனால் உங்கள் மகன் அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுவான். அப்போதும் 4-ஆம் பிரிவின்படி நன்னடத்தை உறுதியின் பேரில் விடச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் அவன் காவலர் வேலைக்குப் படிக்கிறவன். சின்ன அபராதம் என்றாலும் தண்டனை தண்டனைதான். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதால்) விடுதலையானவரையும்கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அவை கருதுகின்றன. இது அளவுக்கு மீறிய கடுமை என்பது என் அபிப்பிராயம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் அந்த விதியின்படிதான் தீர்ப்பளித்தது. அதனால் போனின் சொந்தக்காரரோடு சமரசமாகப் போகச் சட்டத்தில் வழி இருந்தாலும், அதை முதல் வழியாக எடுக்க வேண்டாம். அவன் பெயர் குற்றப்பத்திரிகையில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, ஏறாமல், சாட்சிகள் பட்டியலில் நிற்க வேண்டும். அதற்குத்தான் முயற்சி. ஆதாரங்களோடு எழுத்துமூலமான விளக்கத்தை விசாரணை அதிகாரிக்குக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் மாநகரக் காவல் ஆணையருக்கோ மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ அனுப்புங்கள். அதையும் மீறி எதிரியாகச் சேர்த்தால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். தேர்வு விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்ததற்காகவே வேலை போனவர்கள் நிறைய.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. மகன் பெயரில் மனு போட்டால் வருமானம் பார்ப்பார்கள்.

கடைசியாக, பணம். போன் அந்தப் பெண்ணுக்குத்தான் போகும், அதில் மாற்றமில்லை. தன்னுடையது அல்லாத பொருளை விற்ற கடைக்காரர் உங்கள் 6,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டப்படி அது விற்பவரின் பொறுப்பு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே பலர் வழிக்கு வந்துவிடுவார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கி விற்றவர் தண்டிக்கப்பட்டு, கைதானபோது அவரிடம் பணம் எடுக்கப்பட்டிருந்தால், விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு அந்தப் பணத்திலிருந்து, கொடுத்த விலைக்கு மிகாமல் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சுரக்ஷா சன்ஹிதாவின் 499-ஆம் பிரிவு. இதற்கு மனு போட வேண்டும், யாரும் தானாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.