அமெரிக்காவில் இதழியல் படிக்கப் போகும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

“வெள்ளைக்காரர்கள் நடத்தும் பத்திரிகையில் நம்ம பிள்ளைக்கு யார் வேலை தருவார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. செய்திப் பிரிவு வேலைகளில் கறுப்பர்கள் 5 சதவீதம்கூட இல்லை என்று அமெரிக்க அரசு அமைத்த கெர்னர் விசாரணைக் குழு 1968-லேயே எழுதியது. மக்கள்தொகையில் சிறுபான்மையினருக்கு உள்ள பங்கு 2000-க்குள் செய்தி அறைகளிலும் வர வேண்டும் என்று 1978-ல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் சங்கம் இலக்கு வைத்தது. எட்டாது என்று தெரிந்ததும் 1998-ல் கெடுவை 2025-க்குத் தள்ளியது. பியூ ஆய்வு மையம் 2022-ல் ஏறக்குறைய 12,000 செய்தியாளர்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர் வெள்ளையர், ஆசியர் 3 சதவீதம்.

ஆனால் நிறத்துக்கு முன்னால் விசா வந்து நிற்கும். சாதாரண இதழியல் பட்டம் ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராது. ஆகவே படிப்புக்குப் பின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதியில் 12 மாதம்தான். ஸ்டெம் பட்டத்துக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. அந்த 12 மாதத்திலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. படிப்பு முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போட வேண்டாம். பலர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில்: பெரிய பத்திரிகைகளின் கோடைப் பயிற்சிக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். போய் இறங்கிய முதல் பருவத்திலேயே கையில் நான்கைந்து வெளியான கட்டுரைகள் வேண்டும். ஆசிய அமெரிக்கச் செய்தியாளர் சங்கம், தெற்காசியச் செய்தியாளர் சங்கம் இரண்டிலும் அப்போதே சேரட்டும். வேலைக்குப் பரிந்துரைக்கும் ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்கள்.

வேலை கிடைத்ததும் தீபாவளி, ஸ்பெல்லிங் பீ (ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டி), இந்தியக் கடைத்தெரு என்றே அனுப்புவார்கள். ஒன்றிரண்டை எழுதலாம். கூடவே நகர்மன்ற பட்ஜெட், நீதிமன்றம் என்று தானாகவே ஒரு செய்தியை முன்வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குள்ளேயே காலம் ஓடிவிடும்.

2005-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கிய கத்ரீனா புயல் வெள்ளத்தில் வந்த இரண்டு படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பளவு நீரில் பொருளோடு வரும் கறுப்பு இளைஞர் ஏபி செய்தி நிறுவனத்தின் படக்குறிப்பில் கடையைக் “கொள்ளையடித்தார்”. இன்னொரு செய்தி நிறுவனமான ஏஎஃப்பியின் படக்குறிப்பில் வெள்ளையர் இருவர் ரொட்டியும் சோடாவும் “கண்டெடுத்தார்கள்”. பார்த்ததைத்தான் எழுதினோம் என்று இரு தரப்பும் சொன்னது, இருக்கலாம். ஆனாலும் ‘எடுத்ததை நேரில் பார்த்தீர்களா?’ என்று வினைச்சொல்லில் விரல் வைத்துக் கேட்பது டெஸ்க்கின் (செய்தியைத் திருத்தி வெளியிடும் பிரிவின்) வேலை. அந்தப் பழக்கம் உங்கள் மகளுக்கு வகுப்பிலேயே வர வேண்டும்.

தன் செய்திகளில் யார் யார் குரல் வருகிறது என்று பார்க்கவும் ஒரு எக்செல் தாள் போதும்: யாரிடம் பேசினாள், அவர் என்ன பொறுப்பில் இருப்பவர், போன் எண் எப்படிக் கிடைத்தது. இனத்தை அவர்களே சொன்னால் குறிக்கலாம். பெயரையும் முகத்தையும் பார்த்து ஊகிக்கக் கூடாது. பத்துச் செய்திக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால், அவசரத்தில் உடனே போனை எடுக்கும் அதே பேராசிரியரும் போலீஸ் செய்தித் தொடர்பாளருமே திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள். செய்தி இல்லாத நாளில் வாரத்துக்கு இரண்டு புது எண்களைச் சேர்த்து வைத்தால்தான் இது மாறும்.