முன் பெஞ்ச் மட்டும் போதுமா?

கேள்வி: ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு காதிலும் கருவி போட்ட பெண் குழந்தை ஒருத்தி படிக்கிறாள். முன் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறேன். ஆனாலும் சொல்வதை எழுதச் சொன்னால் 'படி'யை 'மடி' என்று எழுதுகிறாள். கவனக்குறைவா, கருவியில் கோளாறா?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டீச்சர், இரண்டும் இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் 'படி', 'மடி' என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கருவி உங்கள் குரலை மட்டுமா கூட்டுகிறது? மின்விசிறியின் கடகடப்பையும் பெஞ்ச் இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே கூட்டுகிறது. காதுக்குப் பிடிபடாததை அவள் உங்கள் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறாள். நான் சிறப்பாசிரியராகச் சேர்ந்த புதிதில், இதே பிழைக்காக ஒரு பையனைப் பத்துத் தடவை எழுத வைத்தேன். இன்றும் அது உறுத்துகிறது.

சொல்லைத் தனியாகச் சொல்லாதீர்கள். 'மாடிக்குப் போகப் படி ஏறினேன். படி' என்று வாக்கியத்தோடு சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டாம், திரும்பிய பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் அவளுக்கு இருட்டாகத்தான் தெரியும். முன் பெஞ்சைவிட இரண்டாம் வரிசை ஓரம் எனக்குப் பிடிக்கும். அங்கிருந்து பதில் சொல்கிற மற்ற பிள்ளைகளின் முகமும் தெரியும். அந்தப் பதிலை நீங்களும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். முக்கியமானதைச் சொல்லும்போது அவள் பக்கம் ஆறடிக்குள் வந்துவிடுங்கள். பெஞ்ச் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினால் இரைச்சல் குறையும்.

கருவியையும் தினம் காலையில் பார்த்துவிடுங்கள். கழற்றி உள்ளங்கையில் பொத்தினால் பெரும்பாலும் 'கீ' என்று விசில் வரும். மாட்டிய பிறகு, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் கை தூக்கட்டும். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிப்பதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த சோதனை இது. பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறிலேயே வந்துவிடும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால், வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு போன்றவற்றுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மேசை டிராயரில் மாற்று பேட்டரி ஒரு ஜோடி இருக்கட்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்துவிடாதீர்கள். காற்றுப் பட்டதுமே தீர ஆரம்பித்துவிடும்.