கொரோனா வந்தால் உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது? கேளுங்கள், சொல்கிறேன்

டாக்டர், ஒரு வாரம் வெறும் காய்ச்சல், இருமலோடு இருந்த அப்பாவுக்கு எட்டாம் நாள் திடீரென்று மூச்சு வாங்கியது. கிருமி அவ்வளவு பெருகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லைங்க. வைரஸ் உச்சத்தில் இருப்பது காய்ச்சல் தொடங்கும் நேரத்தை ஒட்டித்தான். வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். கொரோனா அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. ஆன்டிபாடி என்பது கிருமியில் ஒட்டி அதை முடக்க உடம்பு தயாரிக்கும் புரதம்; சிலருக்குத் தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கிறது, 2020இல் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த நோயாளிகளைச் சோதித்தபோது சுமார் 10 சதவீதம் பேரிடம் இது இருந்தது. இப்படித் தாமதமாக விழிக்கும் எதிர்ப்பு சக்தி சில சமயம் அளவுக்கு மீறிப் பாய்கிறது, வெள்ளணுக்கள் கூட்டமாக நுரையீரலில் இறங்கி, காற்றுப்பைகளில் நீர் கோத்து, ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகவே வழியில்லாமல் ஆகிறது. அப்பாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

அப்படியென்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை முதல் நாளே போட்டுவிடலாமே?

தயவுசெய்து வேண்டாம். முதல் வாரத்தில் வைரஸை அடக்கப்போவதே அந்த எதிர்ப்பு சக்திதான், அதன் கையை நாமே கட்டிவிடக் கூடாது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. ஒரே மருந்துதான், கொடுக்கிற நேரம்தான் வேறு. 2021 இரண்டாம் அலையில் சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததில் தேவையில்லாத ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆன்டிபாடி அளவு ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், குறைவது இயல்பு. கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களான நினைவு பி செல்கள் தங்கியிருக்கும், வைரஸ் திரும்ப வந்தால் வேகமாக ஆன்டிபாடி தயாரிக்கும். வைரஸ் நுழைந்த செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும் டி செல்கள் இன்னும் உறுதி: 2003இல் கொரோனாவின் உறவுக்கார வைரஸால் வரும் சார்ஸ் நோய் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அவை இருந்தன.

பிறகு ஏன் ஒமிக்ரான் எல்லோருக்கும் வந்தது?

வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதம் நிறைய மாறியதால் பழைய ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு அதில் ஒட்டப் பிடி கிடைக்கவில்லை, தொற்று நுழைந்தது. டி செல்கள் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கின்றன, பெரும்பாலான துண்டுகள் மாறவில்லை. அதனால்தான் தடுப்பூசி போட்டவர்களில் பலர் காய்ச்சலோடு தப்பித்தார்கள்.

குழந்தைகளுக்கு ஏன் லேசாகப் போகிறது?

அவர்கள் மூக்குச் செல்களில் அந்த இன்டர்ஃபெரான் ஏற்பாடு வைரஸ் வருவதற்கு முன்பே தயாராக நிற்கிறது, அது ஒரு முக்கியக் காரணம்.