பாலாற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், இலங்கை, இப்போது இங்கிலாந்து என்று வர்த்தக ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போகிறோம். தோல் தொழில் வட ஆற்காட்டுக்கு இயற்கை கொடுத்த வரம். எல்லா நாட்டோடும் வரியை எடுத்துவிட்டால் நம் பக்கம் செழித்துவிடுமே, ஏன் தயங்க வேண்டும்?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வரம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இயற்கை கொடுத்தது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பாலாற்றுத் தண்ணீரும். மற்றதெல்லாம் மனிதர் உழைப்பு. பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி நின்று, தோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டவர்களின் கைப்பழக்கத்தால்தான் ஈ.ஐ. தோல், அதாவது ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்கிற பட்டைத் தோலுக்கு உலகத்தில் பேர் வந்தது. அப்போதும் அரைப்பதத் தோலைத்தான் கப்பலேற்றினோம். அதில் ஷூ தைத்துக் காசு பார்த்தவன் ஐரோப்பாக்காரன். 1970-களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, அரைப்பதத் தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. அப்புறம்தான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின, கிராமத்துப் பெண்கள் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்க வேனில் ஏறி வந்தார்கள். நம் அனுகூலம் இப்படிப் பாடுபட்டு உண்டாக்கியது.

1817-ல் இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ போட்ட கணக்கைப் பாருங்கள். குறிப்பிட்ட அளவு சரக்கு செய்ய, ஒரு வருஷத்துக்குப் போர்ச்சுகலில் ஒயினுக்கு 80 ஆள், துணிக்கு 90 ஆள். இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தாலும் அது ஒயினோடு நின்று, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் லாபம்: 90 ஆள் நெய்ய வேண்டிய துணி போர்ச்சுகலுக்கு 80 ஆள் செய்த ஒயினுக்குக் கிடைக்கிறது, 120 ஆள் செய்ய வேண்டிய ஒயின் இங்கிலாந்துக்கு 100 ஆள் நெய்த துணிக்குக் கிடைக்கிறது. இதைத்தான் ஒப்பீட்டு அனுகூலம் என்கிறோம். இந்த இரு நாடுகளும் 1703-லேயே மெத்துவன் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆங்கிலேயக் கம்பளித் துணியைப் போர்ச்சுகல் உள்ளே விட வேண்டும். பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. ஒருவர் விற்பதை மற்றவர் வாங்குகிறவராக இருந்தார்.

நீங்கள் கேட்க மறந்தது இந்தப் பொருத்தத்தைத்தான். நம் ஏற்றுமதிப் பட்டியலையும் எதிராளியின் இறக்குமதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் போடுகிறார்கள். முழுக்க ஒத்துப்போனால் 100, ஒட்டவே இல்லையென்றால் 0. ஆசியான் ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிலிருக்கும் வியட்நாமும் இந்தோனேசியாவும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற நாடுகள். அவர்களிடம் ஷூ விற்கப் போவது ஆம்பூர்க்காரர் வாணியம்பாடிக்கு ஷூ விற்கப் போவதுபோல. பதனிட்ட தோலை வாங்கிக்கொள்வார்கள், சரி. ஆனால் தையல் வேலையும் கூலியும் அங்கே போய்விடும், நாம் 1970-க்கு முந்தின நிலைக்குப் போவோம். 2025 பட்ஜெட்டில், பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு போடாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியை எடுத்ததை அதனால்தான் நான் தப்பு என்கிறேன்.

இங்கிலாந்து விஷயம் வேறு. அங்கே ஷூ வாங்குகிறவர்கள்தான் அதிகம். 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், நம் தோல் பொருளுக்கும் ஷூவுக்கும் அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகிறது. இதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் பாலாறு? அதைப் பற்றி எழுதினாலே என்னைத் தொழில் விரோதி என்று கடிதம் போடுகிறவர்கள் இதையும் படிக்கட்டும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பிலேயே இருக்கிறது: ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர். தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் ஆலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது. லண்டன் வியாபாரிக்கு நாம் சொல்லும் விலையில் இந்தத் தண்ணீர் இல்லை, அந்த நிலமும் இல்லை. நாம் மலிவாக விற்பதில் ஒரு பங்கு, கிணறு கெட்ட விவசாயி தலையில் கட்டிய செலவு. ரிக்கார்டோ கணக்கில் ஆள் மட்டும்தான் உண்டு, நம் கணக்கில் கிணறும் வந்தாக வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று நீதிபதிகள் அந்த 1996 தீர்ப்பிலேயே சொல்லிவிட்டார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்!

உங்கள் ஊரிலும் தோல் ஷாப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்து வரி போனதில் மிஞ்சும் பணத்தில் சுத்திகரிப்புக்கு எவ்வளவு, கெட்ட கிணறுகளுக்கு எவ்வளவு என்று அதன் முதலாளிகளிடம் கேட்டு, எனக்கு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.