சுண்டையோடு சேர்த்த கத்திரியில் விதை ஏன் பொக்கு?

கேள்வி: அம்மா, நாங்கள் இலவம்பாடியில் முள்ளுக் கத்திரி போடுகிறோம். வாடல் நோய் வந்து செடி பச்சையாகவே சாய்கிறது. வேலியோரச் சுண்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் மகரந்தத்தைக் கத்திரிப் பூவில் தடவினேன். காய் பிடித்தது, அறுத்தால் விதையெல்லாம் பொக்கு. ஆய்வகத்தில் கருவை எடுத்து வளர்ப்பார்களாமே, இதற்கு ஆகுமா?
– ஒரு விவசாயி, இலவம்பாடி

பதில்: ஆகும் தம்பி. கத்திரியையும் சுண்டையையும் அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் காயிலும் கலப்பு நடந்திருக்கும் என்றே தோன்றுகிறது. தன் மகரந்தமே விழுந்திருந்தால் விதை திரண்டிருக்கும். அடுத்த முறை பூ விரிவதற்கு முந்தின நாளே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, தடவியதும் பூவுக்கு உறை கட்டுங்கள்.

விதைக்குள் கருவும் உருவாகிறது, அதற்குச் சோறு போடும் கருவூணும் உருவாகிறது. தூரத்து இனங்கள் சேர்ந்தால் பெரும்பாலும் கருவூண்தான் முதலில் கெடும். கருவில் குறையே இல்லாவிட்டாலும் அது பட்டினியில் செத்துவிடும். அது சாவதற்கு முன்னால் வெளியே எடுத்து ஊட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியில் லைபாக் என்ற தாவரவியலாளர் 1925-இலேயே இப்படி இரண்டு ஆளிவிதைச் செடி இனங்களின் கலப்புக் கருவைப் பிழைக்க வைத்தார். 1941-இல் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கக் கைகொடுத்தது நம் தேங்காய்த் தண்ணீர்.

நான் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள். காயைப் பிஞ்சாகவே பறித்து, கிருமிநாசினியில் முக்கி, சுத்தமான காற்று வீசும் பெட்டிக்குள் வைத்து அறுப்போம். நுண்ணோக்கியில் பார்த்தபடி ஊசியால் விதைத்தோலைக் கீறினால், குருணையில் பாதிகூட இருக்காது, கண்ணாடி மாதிரி ஒரு கரு வழுக்கிக்கொண்டு வரும். ஊசிமுனை பட்டால் போச்சு. அகர் கூழில் உப்புகள், வைட்டமின், சர்க்கரை எல்லாம் கலந்திருக்கும். கரு எவ்வளவு இளசோ அவ்வளவு சர்க்கரை கூட்ட வேண்டும். இரண்டு இலை விட்டுக் குழாயில் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே அந்த வேலையில் இருந்தேன். அப்புறம் மண்ணுக்கு மாற்றும்போதுதான் பயம். நம் வேலூர் வெயிலுக்குச் சட்டென்று காட்டினால் கருகிவிடும். பாலித்தீன் மூடிக்குள் ஈரத்தோடு வைத்து, மெல்ல மெல்லத் திறந்து பழக்க வேண்டும்.

ஆனால் அந்தச் செடி உங்கள் கத்திரி ஆகாது. பெரும்பாலும் மலடாகவே இருக்கும். மலடு நீங்கக் குரோமோசோமை இரட்டிப்பாக்கி, திரும்பத் திரும்ப முள்ளுக் கத்திரியோடு சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நோய் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் இது. அந்த ருசி போய் எதிர்ப்புச் சக்தி மட்டும் வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோய் தாங்கும் ரகம் வரட்டும், அதற்குப் பல வருஷம் பிடிக்கும். அதுவரை சுண்டை நாற்றின் மேல் முள்ளுக் கத்திரியை ஒட்டுக்கட்டி நடுங்கள். வேர் சுண்டை, காய் உங்களுடையது. விதையும் அசல் இலவம்பாடி விதைதான், எடுத்து வைக்கலாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒட்டுக் கட்டும் முறையைக் கேட்டுப் பாருங்கள். சுண்டை விதை மெதுவாகத்தான் முளைக்கும், அதனால் கத்திரிக்கு முன்னாலேயே விதைத்துவிடுங்கள். நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.